அலுமாரியில் எத்தனை போத்தல் வைப்பது?

பனஞ்சாராயத்துக்குச் 'சூழலுக்கு இசைந்த' புதுப் பொதி என்று ஒரு மாதிரியை அண்மையில் என்னிடம் காட்டினார்கள். வடிவமைத்த பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. அவரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் அந்தப் பெட்டியோடுதான். பனையோலையில் இழைத்திருந்தது. பூஞ்சணம் பிடிக்காமல் மேலே வார்னிஷ். உள்ளே வைக்கோல், அதற்கு நடுவில் அடி தடித்த போத்தல் ஒன்று, வெறுமையாகவே ஒரு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். குடித்து முடிந்த பிறகு இது எங்கே போகும் என்று கேட்டேன். "அலுமாரியில் அழகுக்கு வைக்கலாம் ஐயா" என்றார்.

எத்தனை போத்தலைத்தான் அலுமாரியில் வைப்பது?

ஓலையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். முட்டியிலிருந்து கள்ளைப் பிளாவில் வார்த்துக் குடித்த ஊர் இது. ஓலையை மடித்துக் கட்டினால் பிளா. குடித்துவிட்டு வேலியோரம் போட்டால் உக்கிப் போகும். பனங்கட்டிக்குக் குட்டான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அங்கெல்லாம் ஓலை வேலை செய்தது. இந்தப் பெட்டியில் வேஷம் போடுகிறது. பாரமும் செலவும் கண்ணாடியில் இருக்க, பார்க்கிறவன் கண் ஓலையில் நிற்கிறது.

மணலையும் சோடாவையும் சுண்ணாம்புக்கல்லையும் 1500 பாகை அளவில் உருக்கித்தான் கண்ணாடி செய்கிறார்கள். அவ்வளவு நெருப்பைத் தின்ற சாமானை ஒரே தடவை பாவித்துவிட்டுப் பற்றைக்குள் எறிகிறோம். உடைந்த துண்டு கிடக்கும் அதே பனங்கூடலுக்குள்தான் சீவல் தொழிலாளி வெறுங்காலோடு நடக்கிறார். நாங்கள் குடிப்பதை இறக்கித் தருகிற மனிதரின் காலுக்கு நாங்கள் கொடுக்கும் பரிசு அது.

முந்தி சாராயப் போத்தலை யார் எறிந்தது? மண்ணெண்ணெய், நல்லெண்ணெய், தேன் எல்லாம் அதற்குள்தான். பாலைக்கூடப் போத்தல் கணக்கில்தானே வாங்கினோம்! வெறும் போத்தல் வாங்குகிறவர் சைக்கிளில் வருவார். சோடாப் போத்தலுக்குக் கடையில் காசு கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவரலாம். திருப்பிக் கொடுக்கப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு ஓடுவார்கள், அந்தக் காசில் இனிப்பு வாங்கலாம் என்று. பிளாஸ்டிக் வந்தது, அந்தப் பழக்கமும் போனது.

ஜெர்மனியில் இருக்கும் உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே திரும்பப் பாவிக்கும் பியர்ப் போத்தலுக்கு 8 சதம் கட்டுப்பணம். ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் தகரப்பேணிக்கும் 25 சதம். யாரும் புத்திமதி சொல்வதில்லை, காசு சொல்கிறது. (கண்ணாடியில் வரும் வடிசாராயத்தை அங்கே விட்டுவிட்டார்கள். அது அவர்களுடைய பிழை, நாங்கள் பார்த்து எழுத வேண்டியதில்லை.)

போத்தல் கழுவத் தண்ணீர் வேண்டுமே என்று ஒருவர் மறித்தார். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் தரை. காரம் போட்டுக் கழுவிய தண்ணீரை நிலத்தில் விட்டால் அது கிணற்றுக்குத்தான் போகும். ஆகவே அதைச் சுத்திகரிக்கிற ஏற்பாடு இல்லாமல் கழுவும் ஆலை திறக்கக் கூடாது. தொரன்ரோவுக்குப் போகிற போத்தல் திரும்பி வராது என்பதும் உண்மை. அங்கே அனுப்புவதற்கு மெல்லிய, பாரம் குறைந்த போத்தல் போதும். அடி தடித்திருந்தால் சாராயத்துக்கு ருசி கூடுமா?

உள்ளூரில் விற்பதற்கு எல்லா வடிசாலைக்கும் ஒரே அளவு, ஒரே வடிவப் போத்தல் வேண்டும். பெயரைக் கடதாசியில் ஒட்டிக்கொள்ளட்டும், கழுவினால் கழன்றுவிட வேண்டும். திருப்பித் தந்தால் இவ்வளவு ரூபா என்பதைக் கண்ணாடியிலேயே பொறித்தால் பிறகு தொகையை மாற்ற முடியாது. அதையும் கடதாசியில் போடலாம். தவறணையும் கூட்டுறவுச் சங்கமும் வாங்கிச் சேர்க்கட்டும். ஓலைப் பெட்டி இழைக்கும் பெண்களுக்கு வேலை போய்விடும் என்கிறீர்களா? வெறும் போத்தல் பன்னிரண்டைச் சுமந்து திரும்பக்கூடிய கடகம் இழைக்கச் சொல்லி, வார்னிஷ் பெட்டிக்கு ஒதுக்கிய கூலியை அவர்களுக்கே கொடுங்கள்.