சர்வருக்குக் களைப்பு உண்டா?

சர்வர் நன்றாக ஓடினாலும் வாரம் ஒருமுறை அணைத்துத் திரும்பப் போட வேண்டும் என்று நம்புவோர் பலர். ‘அதற்கும் ஓய்வு வேண்டாமா?’ என்பார்கள். நம் பேராக் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது நியாயமாகவே படும். ரப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவது வழக்கம். பட்டையில் பால் மறுபடி ஊற அவகாசம் வேண்டுமே.

சர்வரில் அப்படி ஊறுவதற்கு எதுவும் இல்லை. நாள்பட ஓடித் தடுமாறினால், பெரும்பாலும் அதில் ஓடும் ஏதோ ஒரு நிரலில்தான் பிழை. நினைவகத்தில் எடுத்த இடத்தைத் திருப்பித் தராமல் விட்டிருக்கும். அல்லது கணக்கில் சிறு பிசகு சேர்ந்துகொண்டே போயிருக்கும். அணைத்துப் போட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வரும், பிழையைத் தவிர.

1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்புக் கணினி சுமார் 100 மணி நேரம் நிற்காமல் ஓடியிருந்தது. அது நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. பத்தில் ஒன்று என்பது இரும எண்ணில் முடிவில்லாமல் நீளும். அதை 24 பிட்டில் வெட்டியதால் இம்மியளவு பிழை. 100 மணி நேரத்தில் அது 0.34 வினாடி ஆனது. பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைக் கணினி 600 மீட்டருக்கு மேல் தள்ளித் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள்.

அணைத்துப் போட்டிருந்தால் தப்பியிருப்பார்களே எனலாம். உண்மைதான். ஆனால் 8 மணி நேரத்திலேயே பிசகு தெரிகிறது என்று இஸ்ரேலியர்கள் இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தார்கள். ‘மிக நீண்ட நேரம்’ ஓட்டினால் குறி விலகும் என்று படைகளுக்குத் தகவலும் போனது. எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை! திருத்திய மென்பொருள் தஹ்ரான் வந்து சேர்ந்தது மறுநாள்.

இதற்கு நேர்மாறானது 2017-இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு இட்ட உத்தரவு. மலேசியா ஏர்லைன்சும் பறக்கவிடும் ஏர்பஸ் ஏ350 ரகத்தில், மென்பொருள் திருத்தப்படாத விமானங்களை 149 மணி நேரத்துக்குள் ஒருமுறை முழுதாக அணைத்துப் போட வேண்டும் என்றது. காரணமும் உண்டு, கெடுவும் உண்டு.

பாதுகாப்புத் திருத்தம் போட்ட பிறகு மறுதொடக்கம் செய்வதை நான் எதிர்க்கவில்லை, அது தேவை. சர்வர் ஒழுங்காக மீண்டும் எழுகிறதா என்று சோதிக்கவும் உதவும். அதைக்கூட, ஆளில்லாத ஞாயிறு அதிகாலை 3 மணிக்குச் செய்யாதீர்கள்.

உங்கள் கடையிலோ கிளினிக்கிலோ சர்வர் அடிக்கடி தொங்கினால், அணைக்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். எத்தனை நாள் ஓடியது, எந்த நிரல் எவ்வளவு நினைவகத்தை விழுங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை குறித்த தாளை மென்பொருள் விற்றவரிடம் காட்டிக் கேளுங்கள்.