தம்பி கல்லாவில் இருந்தாலும் கணக்கு உண்டு!



ஸ்காட்லாந்தில் 1999-ல் தனி நாடாளுமன்றம் அமைந்தது. மருத்துவமும் கல்வியும் அதன் பொறுப்பு. கூட்டம் நடக்கும் வாரங்களில், வியாழன் நண்பகல், எதிர்க்கட்சித் தலைவர்களின் கேள்விகளுக்கு முதலமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

2023 மார்ச்சில் ஹம்ஸா யூசுஃப் முதலமைச்சரானார். எதிர்வரிசையில் தொழிற்கட்சித் தலைவர் அனஸ் சர்வார். இருவருமே முஸ்லிம்கள், பாகிஸ்தான் வம்சாவளியினர், கிளாஸ்கோவில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 'நம்மவர்தானே' என்று சர்வார் வாய்மூடி இருந்தாரா? இல்லை! சிகிச்சைக்குக் காத்துக் கிடக்கும் நோயாளிகளுக்காகக் கேட்டார்.

2024 ஏப்ரலில் பசுமைக் கட்சியுடனான உடன்பாடு முறிந்தது. அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார் சர்வார். வாக்கெடுப்புக்கு முன்பே, ஏப்ரல் 29-ல், யூசுஃப் விலகலை அறிவித்தார். மே 1-ல் தீர்மானம் 58-க்கு 70 எனத் தோற்றது. தோற்றாலும் கேள்வி வீணல்ல. அரசு அவையில் நின்று பதில் சொன்னதே!

வணிகப் பெருமக்களே! கல்லாவில் தம்பியே உட்கார்ந்தாலும் இரவில் கணக்குப் பார்க்கிறோம். அது பகையா? கடைக்குள்ள நியாயம் ஆட்சிக்கு இல்லையா?

இளைஞனே! நம்மவர் பதவிக்கு வந்தால் மாலை போடு. மறுநாளே ஆதாரத்தோடு, கண்ணியத்தோடு கேள்வியும் கேள்!