உயிரோடு திரும்பியவர்கள்

எண்பதுகளில் யாழ் குடாநாட்டில் செல் விழுந்துகொண்டிருந்த காலத்தில் உயிர்மாய்ப்புகள் கூடவில்லை, குறைந்தன. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1995 இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பதிவு செய்திருக்கிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897 இலேயே ஐரோப்பியப் போர்களை வைத்து இதைச் சொல்லியிருந்தார். பொது ஆபத்து வந்தால் ஊர் நெருங்கும். பங்கருக்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இடம் இருக்கும்.

அந்த நெருக்கம் கலைந்த பிறகே ஆபத்து தலைதூக்குகிறது. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அதை அதிகம் சுமப்பவர்கள் முன்னாள் போராளிகள் என்றே நினைக்கிறேன். தடுப்புக்குப் போன ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களிலிருந்து கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வந்த ஊர் பழைய ஊராக இருக்கவில்லை.

2001 க்குப் பிந்திய போர்களில் பணியாற்றிய அமெரிக்கப் படையினரில் சண்டையில் இறந்தவர்கள் சுமார் 7,000 பேர். தம் உயிரைத் தாமே மாய்த்தவர்கள் 30,000 பேருக்கு மேல் என்று பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டமொன்று 2021 இல் மதிப்பிட்டது. ஓய்வூதியமும் தனி வைத்தியசாலைகளும் உள்ள நாட்டிலேயே நிலைமை அது. உளவியலாளர் தோமஸ் ஜொய்னர் மூன்று விடயங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்: தனக்கென்று யாருமில்லை என்ற உணர்வு, தான் மற்றவர்களுக்குப் பாரம் என்ற எண்ணம், வலிக்கும் சாவுக்கும் பழகிப்போன மனம். மூன்றாவதைப் போர் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. முதல் இரண்டையும் இன்றும் கொடுத்துக்கொண்டிருப்பது நாங்கள்.

உடம்பில் செல் துண்டோடு மேசன் வேலைக்குப் போகும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வெயில் ஏற ஏற முதுகுக்குள் குத்தத் தொடங்கும். சீமெந்துப் பை தூக்க ஏலாது, மத்தியானத்தோடு இறங்கிவிடுவார். அரைநாள் சம்பளம். மனைவி எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக்குக் கிழமை ஆள் வரும். பின்னேரம் புலனாய்விலிருந்து இன்னொரு ஆள் விசாரிக்க வரும்: எங்கே வேலை, யாரோடு பழக்கம்? இப்படி விசாரிக்க வருவது தெரிந்தால் அடுத்த முறை வேலைக்குக் கூப்பிட மேசன் யோசிப்பார். "நான் இல்லாட்டி இவையள் நிம்மதியா இருப்பினம்" என்ற எண்ணம் இப்படித்தான் முளைக்கிறது. அந்தக் கணக்கு முழுப் பிழை. ஆனால் அதைப் பிழை என்று சொல்ல யாராவது பக்கத்தில் இருக்க வேண்டுமே.

பெண் போராளிகளுக்கு இது இன்னும் கடினம். களத்தில் அணியை நடத்தியவளை ஊரில் கலியாணப் பேச்சு வந்ததும் ஒதுக்குகிறார்கள். 2016 இல், தடுப்பில் போட்ட ஊசி மெல்லக் கொல்கிறது என்ற அச்சம் வடக்கெங்கும் பரவி மாகாண சபை வரை போனது. தம் உடம்பையே சந்தேகித்துக்கொண்டு படுத்தவர்களின் இரவுகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தாங்குதிறன் என்று பேச்செடுத்தால் உடனே மனவுறுதி என்கிறோம். பொறுப்பை அவர்கள் தலையிலேயே போட்டுவிடுகிறோம். மனவுறுதி அவர்களிடம் வேண்டிய மட்டும் இருந்தது. இல்லாதது இடம். அழுவதற்குக்கூட இடமில்லை. கோப்பாய் மாவீரர் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டு, 2011 இல் அந்த நிலத்தில் 51 ஆவது படைப்பிரிவின் தலைமையகம் வந்தது. மாவீரர் நாளான நவம்பர் 27 இல் முகாமுக்கு அருகே வீதியோரத்தில் விளக்கேற்றுகிறார்கள். கூடச் சாப்பிட்டு, கூடப் படுத்தவர்களுக்காக அழுவதும் ஒரு வைத்தியம். அதைத் தடுக்கும் அரசு புனர்வாழ்வு பற்றிப் பேசக் கூடாது. அதே நாளில் மாவீரருக்காகக் கண்ணீர் விடும் நாங்களும், கைத்தடியோடு ஓரமாக நிற்கும் அவர்களின் தோழனுக்கு வேலை கொடுக்கப் பயப்படுகிறோம். புலம்பெயர் மேடைகளிலும் இறந்தவர்களுக்கே மாலை.

தெற்கில் அங்கவீனமுற்ற படையினருக்கு ஓய்வூதியமும், அநுராதபுரத்தில் அபிமன்சல இல்லமும் உண்டு. ஆனாலும் அவர்களும் உரிமை கேட்டுத் தெருவில் இருந்தவர்கள்தான். அவர்களின் வேதனையையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

உயிர்மாய்ப்பைக் குறைக்க இந்த நாட்டுக்கு வழி தெரியாமல் இல்லை. 1995 இல் லட்சத்துக்கு 47 பேர் அளவில் உயிர்மாய்த்தார்கள். கடும் நச்சுப் பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது ஏறக்குறைய பாதியானது. அந்தப் பொல்லாத நேரத்தைத் தாண்ட வைத்தால் பெரும்பாலானோர் வாழ்கிறார்கள். உயிர்மாய்க்க முயல்வது குற்றம் என்ற சட்டமும் 1998 இல் நீங்கியது. வைத்தியசாலைக்குப் போகப் பொலிசுக்குப் பயப்படத் தேவையில்லை. தெல்லிப்பழையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போர்க்காலத்திலிருந்தே சாந்திகம் நிறுவனம் உளவளத்துணை வழங்குகிறது, 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். வீட்டில் ஒருவர் ஒதுங்கினால், "சாக வேணும் போல இருக்கோ?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது; இருந்தால் வெளியே வரும்.

பனை தென்னை வள, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் குடாநாடெங்கும் இருக்கின்றன. பாரம் தூக்கத் தேவையில்லாத அரைநாள் வேலைகளை, முழுச் சம்பளத்தோடு, முன்னாள் போராளிகளுக்கென ஒதுக்க அவை முன்வரட்டும். வீட்டுக்கு வந்து விசாரிப்பதை அரசு இந்த ஆண்டே நிறுத்தட்டும்.