பில்லை ஒளித்து வைக்காதீர்கள்



வீட்டுச் செலவில் நம்மை அதிகம் கலங்க வைப்பது எது என்று தாய்மார்களைக் கேட்டால், பலரும் மின்சார பில்லைத்தான் சொல்கிறார்கள். அரிசி குறைந்தால் கஞ்சி வைத்துக் குடித்துவிடலாம். துணிமணியைத் தீபாவளி வரைக்கும் தள்ளிப் போடலாம். பில் மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கிறது. கட்டாமல் விட்ட மாதமும் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வருகிறது. ஆகவே இந்த முறை, பில் கட்ட முடியாத வீட்டுக்கு எங்கே உதவி கிடைக்கும், அதை எப்படிக் கேட்பது என்று பார்ப்போம்.

நம் தாய் தகப்பன் காலத்தில் இந்தக் கவலை இல்லை. லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. பிறகு தோட்டத்து இஞ்சின் மாலையில் சில மணி நேரம் கரண்டு கொடுத்தது. இஞ்சின் நின்றால் ஊரே தூங்கிவிடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு, எத்தனையோ குடும்பங்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. அங்கே நம் பெயரைப் போட்டு வந்த முதல் கடிதமே மின்சார பில்தான். பெரியவர்கள் இன்றும் அதை 'எல்.எல்.என். பில்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த வாரியம் 1990 செப்டம்பர் 1ஆம் தேதி தெனாகா நேஷனல் ஆகிவிட்டது. பெயர் மாறியும் பழக்கம் மாறவில்லை.

முதலில் பில்லைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அது மலாயில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். 'காஜ் செமாசா' என்பது இந்த மாதக் கட்டணம். 'துங்காக்கான்' என்றால் பழைய பாக்கி. 'பாயார் செபெலும்' என்பதற்குப் பக்கத்தில் இருப்பது கெடுத் தேதி. 'அங்காரான்' என்று போட்டிருந்தால், மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். கேட் பூட்டியிருந்தாலோ நாய் கட்டியிருந்தாலோ இப்படி நேரும். அப்போது மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போய்ச் சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள்.

என் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்த ஒரு பெண் பிள்ளை திடீரென்று வீட்டுப்பாடம் செய்யாமல் வரத் தொடங்கினாள். கெட்டிக்காரப் பிள்ளை. மலாய்ப் பாடத்தில் வகுப்பில் அவள்தான் முதல். அழைத்து விசாரித்தபோது, வீட்டில் ஒன்பது நாட்களாக விளக்கு இல்லை என்றாள். தகப்பனார் முதுகு வலியால் வேலைக்குப் போகவில்லை. தாயார் வந்த கடிதங்களை எல்லாம் மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். மூன்று கடிதங்கள். மூன்றையும் அந்தப் பிள்ளை தடுக்காமல் வாசித்துக் காட்டியிருக்கக்கூடியவள். யாரும் அவளிடம் கொடுக்கவில்லை. "பிள்ளைக்கு எதுக்கு சார் இந்தக் கஷ்டம்னு நெனைச்சேன்," என்றார் தாயார். பிள்ளையோ மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுத முயன்று, நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தைக் கருக்கிக்கொண்டு வந்திருந்தாள். பலகை வீட்டில் மெழுகுவர்த்தி சாய்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கடிதங்களில் ஒன்று, பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வந்து பேச வேண்டும் என்று சொன்ன அறிவிப்பு. அன்றைக்கே போயிருந்தால் விளக்கு அணைந்திருக்காது. உதவி என்பது கடிதத்தைப் பிரித்தவரைத் தேடித்தான் வரும். படத்துக்குப் பின்னால் இருக்கும் கடிதத்தை எந்த அதிகாரியும் பார்க்கப் போவதில்லை.

இனி, எங்கே போவது என்று பார்ப்போம்.

முதல் வாசல், கெடாய் தெனாகா. கெடுத் தேதிக்கு முன்பே போங்கள். பில்லையும் அடையாளக் கார்டையும் கொண்டு போங்கள். வருமானம் குறைந்ததற்குச் சம்பளச் சீட்டோ மருத்துவச் சீட்டோ இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். "பாக்கியைத் தவணையில் கட்ட அனுமதி வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். கையில் உள்ளதை முதல் தவணையாகக் கட்டிவிட்டுப் பேசினால் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களால் கட்டக்கூடிய தொகையை மட்டும் சொல்லுங்கள். வீம்புக்கு 200 வெள்ளி என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் விழி பிதுங்குவதைவிட, 50 வெள்ளி சொல்லித் தவறாமல் கட்டுவது மேல். போக வழியில்லாதவர்கள் 1-300-88-5454 என்ற எண்ணில் பேசலாம். கரண்டு கட்டான பிறகு போனால் பாக்கியோடு மறு இணைப்புக் கட்டணமும் சேரும். இந்தக் கணக்கெல்லாம் தீபகற்பத்துக்கு உரியது. சபாவிலும் சரவாக்கிலும் மின்சார நிறுவனம் வேறு.

இரண்டாவது வாசல், இ-காசே. ஏழைக் குடும்பங்களைப் பற்றி அரசாங்கம் வைத்திருக்கும் பதிவேடு இது. 2008ஆம் ஆண்டில் 20 வெள்ளிக்குள் வரும் பில்லை அரசாங்கமே ஏற்கும் திட்டம் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கலாம். 2019 ஜனவரியிலிருந்து அந்த முறை மாறியது. இ-காசே பதிவேட்டில் 'மிஸ்கின் தெகார்', அதாவது பரம ஏழைகள் என்று சேர்க்கப்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை பில்லில் கழிக்கும் ஏற்பாடு வந்தது. பில் 40 வெள்ளிக்குள் இருந்தால் கட்ட வேண்டியதில்லை. மேலே போனால் மிச்சத்தை மட்டும் கட்டலாம். இதற்கு மாவட்ட அலுவலகத்திலோ சமூகநல இலாகாவிலோ விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அப்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீட்டைக் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போட்டு வைக்காதீர்கள்! பதிவு ஆனதும் பில்லோடு கெடாய் தெனாகாவுக்குப் போய், கழிவை உங்கள் கணக்கு எண்ணோடு சேர்ப்பது பற்றிக் கேளுங்கள். பழைய வீட்டுக்காரர் பெயரில் மீட்டர் இருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள்.

இந்த 40 வெள்ளிக்கு எவ்வளவு கரண்டு கிடைக்கும்? 2025 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்த கட்டண முறைப்படி, மாதம் 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்குச் சிக்கனத் தள்ளுபடி போக ஏறக்குறைய 39 வெள்ளிதான் வருகிறது. 600 யூனிட் என்பது இன்னொரு எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் உண்டு. 600க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்குச் சேவை வரியும் உண்டு.

யூனிட் என்பது என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 60 வாட் காற்றாடி பத்து மணி நேரம் சுற்றினாலும் அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதல்தான். 2000 வாட் கெட்டில் அரை மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். ஆகவே காற்றாடியை நிறுத்திவிட்டுக் குழந்தையை வியர்க்க வைக்க வேண்டாம். சுடுநீரை ஒருமுறை காய்ச்சிப் பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். ஒரு வாரத்துத் துணியை ஒரே நாளில் இஸ்திரி போடுங்கள். ரப்பர் தளர்ந்த ஐஸ்பெட்டிக் கதவை மாற்றுங்கள்.

இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலாளர் வீடமைப்பு வசதிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், தோட்ட வீடுகளுக்கு முதலாளி இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்கிறது. போதுமான மின்சார வசதியும் செய்து கொடுக்கச் சொல்கிறது. மின்சாரத்துக்குச் சம்பளத்தில் பணம் பிடித்தால், எத்தனை யூனிட்டுக்கு, என்ன விகிதத்தில் என்று கிராணியிடம் மரியாதையாகக் கேளுங்கள். உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் முதலாளி தம் இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளப் பிடித்தத்துக்கு எல்லை வகுத்திருக்கிறது. பதில் சரியில்லை என்றால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கப் பிரதிநிதி இருக்கிறார். தொழிலாளர் இலாகா இருக்கிறது.

பணமுடையைப் பார்த்து வாசலுக்கு வரும் சிலரைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. "இருநூறு வெள்ளி கொடு, மீட்டரை மெதுவாக ஓட வைக்கிறேன்" என்பவனை உள்ளே விடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டி வரும். அன்றைக்கு அவன் முகத்தையும் பார்க்க முடியாது. பில் கட்ட ஆலோங்கிடம் கைநீட்டுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதற்குச் சமம். "இன்னும் ஒரு மணி நேரத்தில் கரண்டு கட்" என்று போனில் மிரட்டிப் பணம் அனுப்பச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். போனை வைத்துவிட்டு நேரில் போய் விசாரியுங்கள்.

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது மின்சாரக் கணக்கை மூடிவிட்டு வைப்புத் தொகையைத் திரும்பக் கேளுங்கள். மூடாமல் வந்துவிட்டால், அடுத்துக் குடிவந்தவர் எரிக்கும் விளக்குக்கும் உங்கள் பெயரில்தான் பில் வரும்.

உதவி கேட்க நம்மில் பலருக்குக் கூச்சம். கோயில் திருவிழாவுக்கும் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கும் மொய் எழுதி, கொடுத்தே பழகிய சனம் நாம். வாங்கப் போகும்போது கால் பின்வாங்குகிறது. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும் இந்த நாட்டை வளர்த்த குடும்பங்கள், முடியாத காலத்தில் அரசாங்கத்தின் வாசலுக்குப் போய் நிற்பதில் என்ன இழிவு? பிச்சை வேறு, உரிமை வேறு.

அந்தக் குடும்பம் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டி, மிச்சத்தைத் தவணையில் தீர்த்தது. இப்போது அந்த வீட்டுக்கு வரும் கடிதத்தை முதலில் பிரிப்பது மகள்தான். உங்கள் வீட்டிலும் அப்படிச் செய்யுங்கள். பில் வந்த அன்றே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டர் எண்ணைக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். கணக்குக்குக் கணக்கும் ஆயிற்று, குடும்பப் பொறுப்பும் வந்தது.

படத்துக்குப் பின்னால் ஏதாவது செருகி வைத்திருக்கிறீர்களா? இதைப் படித்து முடித்ததும் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நாளைக்குக் காலையில் பஸ் ஏறுங்கள்.