காலில் கட்டிய பொய்

பறவைத் தோல்களைச் சேகரித்த பிரிட்டிஷ்காரர் கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகனுக்காக வாதாடி ஒரு மூத்த எழுத்தாளர் சென்ற மாதம் நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். அவர் சொல்வதன் சாரம் இது. பாடம் செய்த பறவை நிஜமானது. அதன் காலில் கட்டிய சீட்டில் ஊரும் ஆண்டும் மாறியிருந்தால் அதை எழுத்துப் பிழையாகத்தான் கொள்ள வேண்டும். 1954இல் ஏறத்தாழ 20,000 பறவைத் தோல்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த மனிதரைச் சில சீட்டுகளுக்காகத் தூற்றுவது நன்றிகெட்ட செயல். இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலியே அவரோடு பழகியவர். அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிட்டதா?

மூன்றும் பிழையான வாதங்கள். முதல் வாதமோ பறவையியல் என்றால் என்னவென்றே அறியாமல் எழுதப்பட்டது.

அருங்காட்சியகத்தின் ஆய்வுத் தோல், வரவேற்பறையில் கண்ணாடிக் கண்ணோடு நிற்கும் புலி போன்றதல்ல. உள்ளே பஞ்சு அடைத்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, இழுப்பறையில் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். அது இன்ன பறவை என்பதை இறகும் அலகும் சொல்லிவிடும். எந்தக் காட்டில் வாழ்ந்தது, எந்த ஆண்டில் இறந்தது, யார் கையில் அகப்பட்டது என்பதைச் சீட்டு மட்டுமே சொல்லும். டி.டி.டி. பூச்சிமருந்து பொரி வல்லூறுகளை அழித்ததை உலகம் எப்படி அறிந்தது? டெரெக் ராட்கிளிஃப் பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளை ஆராய்ந்தார். 1940களின் பிற்பாதியில் ஓடு திடீரென மெலிந்துபோனதை 1967இல் வெளியிட்டார். யாரோ ஒருவர் ஒவ்வொரு முட்டைக்கும் ஆண்டை நேர்மையாகக் குறித்து வைத்ததால்தான் அது முடிந்தது. அந்த ஆண்டுகளை ஒருவர் தம் பெருமைக்காக மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டுரையாளர் இதை ஒரு கணமாவது எண்ணிப் பார்த்தாரா?

இனி அந்த ‘எழுத்துப் பிழை’க்கு வருவோம். நம் நாட்டுக் காட்டுச் சிற்றாந்தையை 1873இல் பறவையியலாளர் ஹியூம் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய தோல்களே கிடைத்தன. உண்மையான கடைசித் தோல் 1884ஐச் சேர்ந்தது. அதன் பிறகும் ஒரு பறவை கிடைத்ததாக நெடுங்காலம் நம்பப்பட்டது. 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் தாமே சுட்டதாக மைனர்ட்ஸ்ஹாகன் சீட்டு எழுதிய பறவை அது. பறவையியலாளர்கள் பமீலா ராஸ்முசெனும் நைஜல் காலரும் அந்தத் தோலை எக்ஸ்ரே வரை எடுத்து ஆராய்ந்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். தையலைப் பார்த்தே இன்னார் தைத்த சட்டை என்று சொல்லிவிடும் தையற்காரர் உண்டல்லவா? பாடம் செய்பவரின் கையும் அப்படித்தான் தெரியும். வெட்டும் இடத்திலும் பஞ்சு வைக்கும் முறையிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த ஆந்தைக்குள் மிஞ்சியிருந்த பழைய வேலை, 1880களில் காந்தேஷ் பகுதியில் பறவைகளைச் சேகரித்த ஜேம்ஸ் டேவிட்சனின் கைவேலை.

நடந்தது என்னவென்றால், டேவிட்சனின் பறவை களவாடப்பட்டது. தையல் பிரிக்கப்பட்டது. பஞ்சு மாற்றி அடைக்கப்பட்டது. பிறகு புதுச் சீட்டில் புது ஊரும் புது ஆண்டும் புதுப் பெயரும் எழுதிக் காலில் கட்டப்பட்டது. எழுத்துப் பிழைக்கு ஊசியும் நூலும் எதற்கு? உட்கார்ந்து, நிதானமாக, அகப்படக் கூடாது என்ற கவனத்தோடு செய்த வேலை இது.

அந்தப் பொய் இழுப்பறைக்குள் அடங்கிக் கிடக்கவும் இல்லை. அதை நம்பியவர்கள் ஆந்தை இல்லாத இடத்தில் தேடினார்கள். இனமே அழிந்துவிட்டது என்ற எண்ணம் வலுத்தது. அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டு, உண்மையான தோல்கள் கிடைத்த இடங்களுக்கு ராஸ்முசென், பென் கிங், டேவிட் அபட் மூவரும் போனார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதாவுக்கு அருகே, சாத்புரா மலையடிவாரத்தில், ஆந்தை பட்டப்பகலில் மரத்தில் உட்கார்ந்திருந்தது. 1884இலிருந்து 113 ஆண்டுகள். அதற்குள் எத்தனை காடு வெட்டப்பட்டது! இருக்குமிடம் தெரியாத உயிரை யார் காப்பாற்ற முடியும்?

அடுத்தது கொடை. ஆலன் நாக்ஸ் 1993இல் ரெட்போல் என்னும் சிறு குருவியின் தோல்களை ஆராய்ந்து இதே களவையும் இதே பொய்ச் சீட்டையும் கண்டார். ராஸ்முசெனும் ராபர்ட் பிரிஸ்-ஜோன்ஸும் மேலும் தேடியபோது மோசடி பெருகிக்கொண்டே போனது. அருங்காட்சியகத்தில் எடுத்த பறவைகளையே மைனர்ட்ஸ்ஹாகன் பெயர் மாற்றி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறார். இதற்குக் கொடை என்று பெயர் சூட்டக் கட்டுரையாளருக்கு எப்படி மனம் வந்தது? அனுமதியின்றிப் பறவைகளை எடுத்துச் சென்றதற்காக அங்கே பறவை அறைக்குள் நுழைய அவருக்கு ஒருமுறை தடையே விதித்திருந்தார்கள். அவர் உண்மையாகச் சேகரித்தவையும் அந்த 20,000இல் உண்டு; மறுக்கவில்லை. ஆனால் இன்று அவற்றையும் நம்பிக் கையில் எடுக்க முடியாது. 2005இல் வெளியான தெற்காசியப் பறவை நூலில், அவர் ஒருவர் சொல்லை மட்டுமே நம்பி நின்ற பதிவுகளை ராஸ்முசென் ஏற்கவில்லை. நல்லதையும் சேர்த்துக் கெடுத்தவருக்கு நாம் எதற்காக நன்றி சொல்ல வேண்டும்?

சாலிம் அலியைச் சாட்சிக்கு இழுத்ததுதான் என்னை மிகவும் வருத்தியது. அவர் 1937இல் மைனர்ட்ஸ்ஹாகனோடு ஆப்கானிஸ்தான் போனது உண்மை. சாலிம் அலி இறந்தது 1987இல். நாக்ஸின் ஆய்வு வந்தது 1993இல். தம் கண்ணில் படாத ஆதாரத்துக்கு ஒரு பெரியவர் எப்படிப் பதில் சொல்வார்?

போகிற போக்கில், இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் வட்டாரத்தில் பறவைகளைப் பாடம் செய்து விற்ற ஜார்ஜ் பிரிஸ்டோவுக்கும் கட்டுரையாளர் நற்சான்று கொடுக்கிறார். அவர் வழியே வந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட அரிய பறவைப் பதிவுகளை 1962இல் பறவையியலாளர்கள் தள்ளினார்கள். அவற்றில் பல இனங்கள் பிற்பாடு பிரிட்டனில் உண்மையிலேயே காணப்பட்டதால் பிரிஸ்டோ சொன்னது சரியாகிவிட்டதாம். நான் போகாத ஊருக்குப் போனேன் என்று சொல்கிறேன். பத்து வருடம் கழித்து வேறொருவர் அங்கே போய் வருகிறார். அதனால் நான் போனவன் ஆகிவிடுவேனா?

கட்டுரை முழுக்க மைனர்ட்ஸ்ஹாகனின் வீரமும் உயரமும் வேட்டையும் நிரம்பிக் கிடக்கின்றன. காந்தேஷ் காட்டில் அந்த ஆந்தையை எடுத்து, தோலுரித்து, தைத்து, உள்ளபடி சீட்டெழுதியவரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கட்டுரையைப் புத்தகத்தில் சேர்ப்பதற்கு முன் கட்டுரையாளர் அதைத் திருத்த வேண்டும். பெயர் ஜேம்ஸ் டேவிட்சன்.