சித்திரை விடுமுறை: பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம்



சித்திரை பிறக்கப்போகிறது. முற்றத்து வேம்பு பூத்துக் கொட்டுகிறது. மாமரத்தில் பிஞ்செல்லாம் முற்றிக் காயாகிவிட்டது. தமிழ் வழக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனிற்காலம். வன்னியில் மத்தியான வெயிலில் விறகு சுமந்து வரும் ஒருத்தியிடம் இதை இளவேனில் என்று சொன்னால் சிரிப்பாள். இருந்தாலும் பெயர் அதுதான். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறையும் இந்தக் காலத்தில்தான் வருகிறது.

விடுமுறை என்றதும் எங்கள் தாய்மாருக்கு முதலில் மனதில் வருவது கணக்கு. பிள்ளைகளுக்குப் புது உடுப்பு, பலகாரத்துக்கு எண்ணெய், சீனி, பயறு, வந்து போகிறவர்களுக்குத் தேநீர். 2022 பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. வருடப்பிறப்புக்கு உடுப்பு எடுக்கவென்று நுண்கடன் வாங்கி, ஆடி வரைக்கும் கிழமைக்குக் கிழமை கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்தச் சட்டை அதற்குள் பிள்ளைக்குக் கட்டையாகிவிடும். கடன் மட்டும் அளவாக நிற்கும்.

கணக்கைவிடப் பாரமான இன்னொன்றும் இருக்கிறது. சித்திரையும் வைகாசியும் எங்களில் பலருக்கு 2009ஆம் ஆண்டின் மாதங்கள். இறுதி யுத்தத்தில் உறவுகளை இழந்த வீடுகளில் ஏப்ரல் தொடங்கியதுமே ஒரு மௌனம் வந்து குந்திவிடும். மே 18 கழியும் வரை அது எழும்பாது. மட்டக்களப்பில் சில குடும்பங்களுக்கு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நடந்த குண்டுவெடிப்பும் சேர்ந்துகொண்டது. சீயோன் தேவாலயத்தில் அன்று உயிரிழந்தவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். இவற்றையெல்லாம் மறந்துவிட்டுச் சிரியுங்கள் என்று எந்தத் தாயிடமும் நான் சொல்லமாட்டேன். ஆனால் 5 வயதுப் பிள்ளைக்கு 2009 தெரியாது. அம்மா இந்த மாதம் கதைப்பதில்லை என்பது மட்டும் தெரியும். தான் ஏதோ குழப்படி செய்ததால்தான் அம்மா கதைக்கவில்லை என்று அது நினைத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் எதற்கும் தங்களையே காரணமாக்கிக்கொள்பவர்கள்.

எனவே இம்மாதம் நான் கேட்பது ஒரு மணித்தியாலம். நாள் முழுவதும் வேண்டாம், காசும் வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு பிள்ளையோடு நிலத்தில் இருந்து விளையாடுவதற்கு ஒரு மணித்தியாலம். அதுவும் இயலாத அன்று அரை மணித்தியாலம்.

இதை ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது, 2 பிள்ளைகளின் தாயான ஓர் இளம் பெண் எழுந்து கேட்டார்: “எனக்கு விளையாடத் தெரியாது மிஸ். எங்களோட ஆர் விளையாடினவை?”

யோசித்துப் பாருங்கள். 2009இல் 8, 9 வயதுச் சிறுமியாக மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள்தான் இன்று முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார். விளையாட வேண்டிய வயதில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நடந்தவர்கள். தன் பிள்ளை “அம்மா வாங்கோ விளையாட” என்று சீலையைப் பிடித்து இழுக்கும்போது அவர்களுக்கு எரிச்சல்தான் வருகிறது. அது கல்மனம் இல்லை. பழக்கமில்லாத ஒன்றைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். உளவளத்துணை செய்கிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

அன்று கூட்டத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் பதில் ஏதும் சொல்லவில்லை. வெளியே போய் 5 கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து அந்தப் பெண்ணின் முன்னால் போட்டார். அந்தப் பெண் கல்லைப் பார்த்தார், எடுத்தார், மேலே எறிந்தார், பிடித்தார். கை தானாக ஓடியது. “பங்கருக்குள்ள இருந்து கொக்கான் வெட்டினனாங்கள்” என்றார் பிறகு. விளையாடியே இருக்கிறார். விளையாடினோம் என்பதுதான் நினைவில் இல்லை. கொக்கானை இதனால்தான் முதலாவதாகச் சொல்கிறேன். 5 கற்கள் போதும். 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எறிந்து பிடிப்பது கஷ்டம். எண்ணி அடுக்கவும், உள்ளங்கையில் ஒளித்து “எத்தனை?” என்று கேட்கவும் அதே கற்கள் உதவும். வாயில் போடும் வயதுப் பிள்ளையிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, இந்த மாதத்துக்கென்றே உரிய ஒரு விளையாட்டு. ஏப்ரல் 5ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக வடக்கு நோக்கிக் கடக்கிறது. தெற்கில் முதலில், வடக்கில் கடைசியில். மட்டக்களப்பில் 9ஆம் திகதியளவில், வவுனியாவில் 12ஆம் திகதியளவில், கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் 14, 15ஆம் திகதிகளில், அதாவது வருடப்பிறப்போடு சேர்த்து, உச்சிச் சூரியன் தலைக்கு நேரே நிற்கும். முற்றத்தில் ஒரு நேரான தடியை நட்டு வையுங்கள். காலை 9 மணிக்கு அதன் நிழல் முடிகிற இடத்தில் பிள்ளை ஒரு கல்லை வைக்கட்டும். 10 மணிக்கு ஒன்று, 11 மணிக்கு ஒன்று. நிழல் தடியை நோக்கி ஊர்ந்து வருவதைப் பிள்ளை தன் கண்ணால் காணும். 12 மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் நிழல் தடியின் அடிக்குள் போய் ஒளித்துவிடும். பிள்ளையை நிற்கவைத்தால் அதன் நிழலும் காலடிக்குள் போய்விடும். “என்ர நிழலை ஆர் எடுத்தது?” என்று கத்தாத பிள்ளையை நான் காணவில்லை. 2 நிமிடம் போதும், உடனே நிழலுக்குள் கூட்டிக்கொண்டு வந்து தண்ணீர் கொடுங்கள். சூரியனை நேரே பார்க்கவும் விடாதீர்கள். இதே காட்சி திரும்ப வர ஓகஸ்ட் கடைசி ஆகும். எங்கள் முன்னோர் வருடம் பிறக்கும் நாளைச் சூரியனை வைத்துக் கணித்தார்கள் என்பதைப் பெரிய பிள்ளைகளுக்கு இந்தத் தடியடியில் வைத்தே சொல்லிக்கொடுக்கலாம். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் ஏன் நேரம் வேறுபடுகிறது என்று அவர்கள் கேட்டால், அதைக் கோயில் ஐயரிடம் விட்டுவிடுங்கள்.

ஓலை வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். தென்னோலையில் ஈர்க்கை எடுத்தால் 2 கீற்று வரும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, சிலுவைபோல ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் முள்ளால் குத்தி, மென்மையான ஒரு முருங்கைத் தடியின் நுனியில் ஏற்றினால் காத்தாடி. 4 முனைகளையும் ஒரே பக்கமாகச் சற்று முறுக்கிவிட வேண்டும், துளையும் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றாது. முள் குத்தும் வேலை உங்களுடையது, முறுக்கும் வேலை பிள்ளையுடையது. சோளகம் வீசத் தொடங்க இன்னும் நாளிருக்கிறது, இப்போது காற்றில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிள்ளை ஓடினால் அதுவே காற்று.

பூவரசம் இலையைச் சுருட்டி, ஒரு நுனியைப் பல்லால் மெல்ல நசுக்கி ஊதினால் பீப்பீ. இதைச் சொல்லிக்கொடுத்ததற்காகப் பின்னேரத் தூக்கம் கெட்ட அம்மம்மாமார் என்னைத் திட்டக்கூடும். நுங்கு தொடங்கியதும் தின்று முடித்த கோம்பைகள் 2ஐத் தடியொன்றின் இரு முனைகளிலும் செருகி, கவர்த்தடியால் தள்ளினால் வண்டில். கடையில் பற்றரி போட்டு ஓடும் காரைக் கேட்டு அழும் பிள்ளையும் இதைக் கண்டால் ஒரு கிழமைக்கு அழாது. அதற்குமேல் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

யோகட் கோப்பைத் தொலைபேசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெறுமையான 2 கோப்பைகளைக் கழுவி, அடியில் ஊசியால் துளையிட்டு, 15, 20 அடி நூலைக் கோத்து உள்ளே முடிச்சுப் போடுங்கள். நூல் தொய்யாமல் இழுபட்டு நிற்க வேண்டும். ஒருவர் கோப்பைக்குள் மெல்லப் பேசினால் நூல் அதிர்ந்து மற்றவர் காதுக்குக் கொண்டுபோகும். முகத்துக்கு நேரே சொல்லாத பல விடயங்களைப் பிள்ளை இந்தக் கோப்பைக்குள் சொல்லும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாயின் 7 வயது மகன் ஒருவன், தன்னை வளர்க்கும் அம்மம்மாவிடம், “நீங்களும் போயிடுவீங்களோ?” என்று கேட்டது இப்படி ஒரு கோப்பைக்குள்தான். அந்தக் கேள்வி அவன் வயிற்றுக்குள் எவ்வளவு நாளாக இருந்ததோ. அம்மம்மா கோப்பைக்குள்ளேயே பதில் சொன்னார். பிள்ளை அப்படி ஏதாவது சொன்னால் ஓடிப்போய்க் கோப்பையைப் பறித்து விசாரிக்காதீர்கள். நீங்களும் நூலின் மறுமுனையில் நின்றே பேசுங்கள்.

இனி வருடப்பிறப்பு நாளைப் பற்றி. பயற்றம் பணியாரத்துக்கு உருண்டை பிடிக்கும் வேலையைச் சின்னவர்களிடம் விடுங்கள். உருண்டை எப்படி வந்தாலும் எண்ணெய்க்குள் போனால் ஒன்றுதான். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் வர விடவேண்டாம். பொங்கல் கோலத்துக்குச் செங்கல் தூளும் அரிசிமாவும் கலர் தரும். புது உடுப்பு இல்லாத வருடத்தில், தோய்த்து மடித்த உடுப்பின் மேல் ஒரு பூவை வைத்துக் கொடுங்கள். பிள்ளைக்கு அதுவும் வருடப்பிறப்பு உடுப்புத்தான்.

கைவிசேடம் என்று வரும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. கணவரை இழந்த பெண் மங்கல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று சொல்லி, அவள் பெற்ற பிள்ளையையே கைவிசேடம் வாங்கப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணின் நிலைமை இன்னும் மோசம். அவளை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்று ஊருக்கே தெரியாததால் அவள் அடுப்படியிலேயே நின்றுவிடுகிறாள். வருடம் முழுக்க உழைத்து, சோறு கொடுத்து, காய்ச்சலுக்கு விடிய விடிய விழித்திருக்கும் கை, ஒரு நாள் 10 ரூபாக் குற்றியைக் கொடுக்கக்கூடாத கையாகிவிடுமா? நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். வழக்கங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் மனிதர் ஏற்படுத்தியவை, காலத்தோடு மாறியவை என்பது அங்கே முதல் வருடத்திலேயே படித்த பாடம். பெரியப்பாவும் கொடுக்கட்டும், மாமாவும் கொடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. முதலாவது உங்கள் கையால் கொடுங்கள். மருத்துநீர் வைத்து முழுகிய பிள்ளைக்கு வெற்றிலையில் வைத்து, உங்கள் வீட்டுப் படலைக்குள்ளேயே கொடுங்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 11 தாய்மார் பேசிவைத்து ஒரே வருடத்தில் இப்படிச் செய்தார்கள். முதல் நாள் முணுமுணுத்த மாமியார் ஒருவர், பேரனின் குற்றியைத் தானே சீலைத் தலைப்பில் முடிந்து பத்திரப்படுத்தினாராம்.

பயணம் போவதற்கும் பெரிய செலவு வேண்டியதில்லை. பிரதேச சபை நூலகங்கள் பலவற்றில் சிறுவர் பகுதி உண்டு. விடுமுறையில் எந்த நாளில் திறந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்துச் சகோதரிகளுக்குக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரை இருக்கிறது. ஆழமில்லாத கடல். 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு கடலைக் கண்டாலே கால் பின்வாங்கும் தாய்மாருக்கு, குளக்கட்டில் பின்னேர நடை போதும். பயந்துகொண்டு போகிற பயணத்தில் பிள்ளையும் பயத்தைத்தான் படிக்கும்.

ஓலையும் தடியும் பொறுக்கப் போகும் இடத்தில் கவனம் தேவை. 2017இல் மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது, அகற்றி முடிக்கக் கொடுக்கப்பட்ட காலக்கெடு 2028. அதாவது வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுக் குறிப் பலகை உள்ள பக்கம், பற்றை மூடிய பழைய பங்கர்ப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். இரும்பாக, பந்தாக, பேணியாக எதைக் கண்டாலும் தொடாமல் வந்து சொல்லப் பழக்குங்கள். கட்டில்லாத கிணற்றைத் தகரம் போட்டாவது மூடுங்கள். ஊஞ்சல் கட்டும் கயிற்றை, பிள்ளை ஏறமுன் நீங்கள் இருந்து பாருங்கள். நீங்களும் 2 ஆட்டம் ஆடிவிட்டுத்தான் இறங்குவீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

விளையாடிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். “அம்மாவுக்கு மாமாவை நினைச்சு அழுகை வந்தது, உன்னாலே இல்லை” என்று பிள்ளையிடம் ஒரு வரி சொன்னால் போதும். நித்திரை இல்லாமல், எழும்பவே மனமில்லாமல் நாட்கள் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது உங்கள் பகுதி வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம்.

உங்கள் ஊர் விளையாட்டுகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். கிளித்தட்டுக்கும் எட்டுக்கோட்டுக்கும் மன்னாரிலும் மூதூரிலும் என்ன பெயர், சட்டங்கள் எப்படி மாறுகின்றன என்று அறிய ஆசையாக இருக்கிறது. பிள்ளைகள் கீறிய படம் இருந்தால் மடிக்காமல் அனுப்புங்கள். போன முறை வந்த ஒரு மயில், மடிப்பில் தலை போய் வந்து சேர்ந்தது.