அம்பிகைக்கு எட்டுக் கை, அய்யலூர்க்காரிக்கு?

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைச் சற்று நிமிர்ந்து பாருங்கள், சகோதரிகளே! லக்ஷ்மியோ சரஸ்வதியோ, தாமரைத் தண்டு போன்ற கைகளுடன் புன்னகை புரிந்துகொண்டிருப்பாள். அந்தக் கை ஒரு குடம் தண்ணீராவது தூக்கியிருக்கும் என்று தோன்றுகிறதா?

சரி, ஒரு வியாழக்கிழமை காலையில் அய்யலூர்ச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் சாலையில் உள்ள சிறிய ஊர்தான். ஆட்டுச் சந்தைக்குப் பேர் போனது. திமிறும் கிடாயைக் கொம்பைப் பிடித்து நிறுத்தவும், தக்காளிக் கூடையைத் தலைக்கு ஏற்றவும் அங்கே பெண்கள் தயங்குவதில்லை. அவர்கள் முழங்கைக்கு மேலே சதை முறுக்கேறியிருக்கும். அந்தக் கையை எந்தக் காலண்டரிலாவது கண்டதுண்டா?

நம் பழைய சிற்பிகள் பெண்ணின் பலத்தை அறியாதவர்கள் அல்ல. மாமல்லபுரத்துக் குகையில் சிங்கத்தின் மேல் அமர்ந்து மகிஷனை எதிர்க்கும் துர்க்கையைப் பாருங்கள். எட்டுக் கைகள், ஒன்றில் வில். எதிரே கதை ஏந்திய மகிஷன் பின்வாங்குகிறான். ஆனால் அவள் மேனி கொடிபோல்தான் இருக்கிறது. பலத்தைச் சதையில் காட்டாமல், கைகளின் எண்ணிக்கையில் காட்டினார்கள். ஆண் தெய்வங்களுக்கும் பெரும்பாலும் அதே கணக்குதான். குற்றம் சொல்ல இடமில்லை.

பிற்பாடு ரவிவர்மா வந்தார். 1894-ல் அவர் நிறுவிய அச்சகம் தெய்வங்களை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் பூசினாற்போன்ற தோளும் மெல்லிய விரலுமே 'பெண்' என்று நம் கண்ணுக்குப் பழகிவிட்டது.

சென்னைக் கடற்கரையில், தேவிபிரசாத் ராய் சௌதுரி செய்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. அற்புதமான வேலை! ஆனால் பாறையை நெம்பும் நால்வரும் ஆண்கள். இந்த ஊரில் மாடி மாடியாகச் செங்கல் சுமந்த சித்தாள் எங்கே போனாள்?

அவளைப் பார்த்தவர் வங்காளத்து ராம்கிங்கர் பைஜ். சிமெண்டையும் சரளையையும் கலந்து, சாந்திநிகேதனில் 1938-ல் 'சந்தால் குடும்பம்' என்ற சிலையைச் செய்தார். 1956-ல் 'ஆலை அழைப்பு' செய்தார். சங்கு ஊதியதும் ஆலைக்கு விரையும் பெண்கள்! உரமேறிய உடல், காற்றில் பறக்கும் சேலை. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்கு ஷிப்டு நேரத்தில் ஓடும் நம் பெண்கள் இதைப் பார்த்தால், "நம்மைத்தானே செய்திருக்கிறார்!" என்பார்கள்.

வெளிநாட்டிலும் வேடிக்கை உண்டு. வாடிகனின் சிஸ்டைன் ஆலய விதானத்தில், 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ தீட்டிய லிபிய ஞானப்பெண்ணின் முதுகும் தோளும் மல்லனுடையவை போலிருக்கும். அதற்காக அவர் ஓர் ஆடவனைப் பார்த்து வரைந்த மாதிரிப் படம் நியூயார்க் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

'படத்தில் வராவிட்டால் என்ன குடி முழுகிவிட்டது?' என்று கேட்கிறீர்களா? முழுகத்தான் செய்கிறது. கண்ணுக்குப் பழகாததை மனம் விகாரம் என்கிறது. "பளு தூக்கப் போகிறேன்" என்று மகள் சொன்னால், "கை ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும், யாரடி உன்னைக் கட்டிக்கொள்வான்?" என்று தாய் பதறுகிறாள்.

பதற வேண்டாம், அம்மா! தசையைப் பருக்கவைக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பு பெண்ணுடலில் ஆணைவிட மிகக் குறைவு. பளு தூக்கிய மாத்திரத்தில் புஜம் பூதாகாரமாகிவிடாது. எலும்பு உறுதிப்படும். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு தேயும் காலத்தில், அந்த உறுதிதான் கைகொடுக்கும்.

கல்யாணக் கவலையா? 2000-ல் சிட்னியில் மொத்தம் 240 கிலோ தூக்கி, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார் கர்ணம் மல்லேஸ்வரி. அப்போதே அவர் மணமானவர். மறு வருஷம் தாயும் ஆனார்!

ஆகையால், உங்கள் பெண் சட்டைக் கையை இழுத்துவிட்டுத் தன் புஜத்தை மறைத்தால், மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். படம் வரையத் தெரிந்தவளாக இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர்க் குடம் தூக்கும் பாட்டியின் கையை, உள்ளது உள்ளபடியே, நரம்பும் முறுக்கும் தெரிய வரையச் சொல்லுங்கள். அந்தப் படத்தைக் காலண்டருக்குப் பக்கத்திலேயே மாட்டிவையுங்கள். லக்ஷ்மி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள்!